மீனுக்குள் ஒரு யு.பி.எஸ்.!

கம்ப்யூட்டருடன் வாங்கிய யு.பி.எஸ்.ஸை நம்பி ஒருநாள் மோசம் போனேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் முதலில் கரண்ட் போனபோது 15 நிமிடம் தாங்கியது. கரண்ட் வந்து பத்தே நிமிடத்தில் மறுபடி போனது. இம்முறை சேவ் செய்வதற்குள் மானிட்டர் இருண்டுவிட்டது. அக்கா மகளின் ஸ்கூல் புராஜெக்ட், அரை நாள் வேலை, போயே போய்விட்டது. யு.பி.எஸ். பழுது என்று திட்டினேன். பழுதில்லை என்று புரியவைத்தது ஒரு மீன்!

அந்த ஞாயிறு மீன் வாங்க பட்டினப்பாக்கம் போனேன். வலையில் வட்டமாக ஒரு சின்னத் திருக்கை கிடந்தது. "அத்தத் தொடாத தம்பி, ஷாக் அடிக்கும்" என்றார் மீனவர். எஞ்சினீயரிங் படித்தவன் கேட்பேனா? தொட்டேன். முழங்கை வரை விண்ணென்று இழுத்தது. "இன்னும் நாலு வாட்டி தொடு, ஒண்ணும் இருக்காது" என்று சிரித்தார். உண்மைதான். ஷாக் குறைந்துகொண்டே வந்தது.

இந்த மின் திருக்கைகள் நம் கடலுக்குப் புதிதல்ல. தரங்கம்பாடியில் கிடைத்த ஒரு வகையை ப்ளாக், ஷ்னைடர் இருவரின் நூல் 1801-லேயே விவரித்திருக்கிறது.

இதன் உடலில் தட்டையான செல்கள், காசுகளை அடுக்கியதுபோல் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் சுமார் 0.1 வோல்ட். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். மூளை உத்தரவிட்டதும் எல்லா செல்களிலும் ஒரு பக்கக் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. சின்னச் சின்ன வோல்ட்டுகள் கூடி ஷாக் அடிக்கிறது.

கவனியுங்கள், அந்த நொடியில் மீன் எதையும் எரிப்பதில்லை. முன்பே சேர்த்து வைத்ததைத் திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். செலவு பிறகுதான் வருகிறது. செல்லில் உள்ள ஒரு பம்ப், ஏ.டி.பி. என்ற மூலக்கூறு ஒன்றை உடைத்து, 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. (இதை 1957-ல் நண்டு நரம்பில் கண்டறிந்த டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோவுக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது.) ஏ.டி.பி. குறைந்தால் கிரியேட்டின் பாஸ்பேட் உடனே ஈடுகட்டும். அதுவும் தீர்ந்தால், தின்ற இரையிலிருந்துதான் சக்தி வரவேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்.

யு.பி.எஸ். பேட்டரியிலும் இதே கதைதான். சார்ஜ் இறங்கும்போது ஈயம் ஈய சல்பேட் ஆகிறது. அதைத் திருப்ப மணிக்கணக்கில் கரண்ட் வேண்டும். நான் கொடுத்ததோ பத்து நிமிடம்! 1800-ல் முதல் பேட்டரியை அறிவித்த வோல்டாவே அதை 'செயற்கை மின் உறுப்பு' என்றுதான் அழைத்தார்.

எனவே கரண்ட் வந்ததும் முதல் வேலையாக ஃபைலை சேவ் செய்யுங்கள். இரவில் யு.பி.எஸ்.ஸுக்கான சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள். புராஜெக்டை நான் திரும்ப டைப் செய்து கொடுத்துவிட்டேன். அக்கா மகள்தான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.