ஊர் ஊராய் உணவு – 17: வெங்காயம் கரையும் வரை

சென்ற வாரம் எத்தியோப்பிய வீடுகளில் காப்பிக்கொட்டையைக் கண்ணெதிரே வறுத்து, இடித்து, மூன்று சுற்றாக ஊற்றித் தரும் வழக்கத்தைப் பார்த்தோம். இந்த வாரம் அதே வீட்டின் அடுப்படிக்குள் போவோம். அடுப்பில் இருப்பது டோரோ வாட்: கோழித் துண்டுகளும் அவித்த முட்டைகளும் கிடக்கும், கருஞ்சிவப்பான, கெட்டியான காரக்குழம்பு.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் ஈஸ்டருக்கு முன் 55 நாள்கள் நோன்பிருக்கிறார்கள். இறைச்சி மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை எதையும் தொடுவதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் புதன், வெள்ளிக்கிழமைகளிலும் இதே விதிதான். அந்த நாள்களைப் பருப்பும் கடலைமாவும் கீரையும் ஓட்டிவிடும். ஈஸ்டர் இரவின் நீண்ட ஆராதனை முடிந்து, விடிவதற்கு முன்பே வீடு திரும்பி நோன்பை முடிப்பவர்களுக்குக் காத்திருப்பது டோரோ வாட். அதற்கான வேலை முந்தைய நாளே தொடங்கியிருக்கும். ஒரு கோழிக்குழம்புக்கு ஏன் இவ்வளவு நேரம்? அந்த நேரத்தின் பெரும்பகுதி கோழிக்கானது அல்ல, வெங்காயத்துக்கானது.

ஒரு கோழிக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் சிவப்பு வெங்காயம் போடுகிறார்கள். பல வீடுகளில் அதற்கும் மேல். முடிந்தவரை பொடியாக நறுக்கி, கனமான பாத்திரத்தில் போட்டு, எண்ணெயோ வெண்ணெயோ இல்லாமல் மிதமான தீயில் கிளறுகிறார்கள். அடி பிடிப்பதுபோல் தெரிந்தால் கையளவு தண்ணீர் தெளிக்கிறார்கள். முக்கால் மணி நேரமாவது இது நடக்கும்.

எண்ணெயில் போட்ட வெங்காயம் வதங்கி, ஓரம் சிவந்து, தன் உருவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். வெறும் பாத்திரத்தில் போட்டால் அதன் சொந்த நீரே அதை வேகவைக்கும். துண்டுகள் குழைந்து, கரைந்து, கூழாகும். அந்தக் கூழ்தான் பின்னால் குழம்பைத் தாங்கப்போகிறது. டோரோ வாட்டில் தேங்காய் கிடையாது, முந்திரி கிடையாது, மாவு கரைத்து ஊற்றுவதும் கிடையாது. கெட்டித்தன்மை முழுக்க வெங்காயத்தினுடையது. காரத்துக்கு அடியில் நாக்கில் தட்டுப்படும் இனிப்பும் அதனுடையதுதான். ஆகவே இந்த ஒரு கட்டத்தில் அவசரப்பட்டால் பிறகு எதைச் சேர்த்தும் ஈடுகட்ட முடியாது.

வெங்காயம் கரைந்த பிறகுதான் கொழுப்பு உள்ளே போகிறது. அது நித்தெர் கிப்பே. வெண்ணெயை மெல்லிய தீயில் உருக்கி, பூண்டு, இஞ்சி, மஞ்சள், வெந்தயம், கொறரிமா என்ற ஏலக்காய் இனத்து விதை, மணமுள்ள சில இலைகள் எல்லாம் அதிலேயே ஊறவிட்டு வடிகட்டுவார்கள். நம் வீட்டில் வெண்ணெய் உருக்கும்போதே இவற்றில் கிடைப்பதைப் போட்டால் போதும். கொறரிமா இல்லாவிட்டால் இரண்டு ஏலக்காயும் ஒரு சிட்டிகை ஜாதிக்காயும்.

அடுத்து பெர்பெரே. எத்தியோப்பியச் சமையலுக்கு நிறத்தையும் நெருப்பையும் தருவது இந்தப் பொடி. மிளகாயைக் காயவைத்து, பச்சைப் பூண்டு, இஞ்சி, துளசி இனத்துப் பூங்கொத்து, அருவதா ஆகியவற்றோடு ஈரமாக இடித்து, மறுபடி வெயிலில் உலர்த்தி, வறுத்த மசாலாக்களோடு அரைப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஆண்டு முழுவதற்குமான பெர்பெரேயை இப்படி மொத்தமாகத் தயாரிப்பது பல நாள் வேலை.

நமக்கு அவ்வளவு தேவையில்லை. நூறு கிராம் காய்ந்த மிளகாயில் பாதி காஷ்மீரி மிளகாயாக இருக்கட்டும். காரம் மட்டும் ஏறி நிறம் வராமல் போனால் அது பெர்பெரே ஆகாது. ஒரு மேசைக்கரண்டி மல்லி, ஒவ்வொரு தேக்கரண்டி வெந்தயம், ஓமம், மிளகு, அரைத் தேக்கரண்டி கருஞ்சீரகம், சில கிராம்பு, ஏலக்காய், சிறு துண்டு பட்டை. தனித்தனியாக வறுத்து, சுக்குப் பொடியும் உப்பும் சேர்த்து அரையுங்கள். வெந்தயம் கருகினால் மொத்தமும் கசக்கும். ஓமத்தையும் கருஞ்சீரகத்தையும் விட்டுவிடாதீர்கள். இவை இரண்டும் இல்லையென்றால் அது வெறும் மிளகாய்த்தூள் குழம்புதான்.

நான்கு மேசைக்கரண்டி பொடியை வெங்காயத்தில் போட்டு, சிறு தீயில் இன்னும் அரை மணி நேரம். பச்சை வாசம் போய், நிறம் இருண்டு, கொழுப்பு பிரிந்து மேலே வர வேண்டும். பூண்டு, இஞ்சி விழுது அப்போதே. தக்காளி வேண்டாம், சிலர் சேர்க்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, வெங்காயத்தின் இனிப்பைப் புளிப்பு கெடுத்துவிடுகிறது.

கோழியை மரபுப்படி 12 துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். கண்டபடி வெட்டாமல், மூட்டுக்கு மூட்டு கழற்றுவது அங்கே சமையல்காரரின் தேர்ச்சியைக் காட்டும் இடம். தோலை உரித்து, எலுமிச்சையும் உப்பும் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுவார்கள். நாட்டுக்கோழிதான் பொருத்தம். பிராய்லர் கோழி அந்தக் குழம்பு கொதிக்கும் நேரத்துக்குள் நார்நாராகிவிடும். கோழி வெந்ததும், அவித்து உரித்த முட்டைகளில் லேசாகக் கீறல் போட்டு உள்ளே விடுங்கள். இறக்கும்போது ஏலக்காயும் மிளகும் கிராம்பும் சேர்ந்த பொடி ஒரு சிட்டிகை.

இதைச் சோற்றோடு சாப்பிடுவதில்லை. இன்ஜெரா வேண்டும். டெஃப் என்ற தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடும், பெரிய தாம்பாளம் அளவு அகன்ற, மெத்தென்ற அடை. டெஃப் எவ்வளவு சிறியது என்றால், ஆயிரம் விதைகளைச் சேர்த்து நிறுத்தாலும் அரை கிராம் வராது. உள்ளூரில் விலை ஏறிவிடக் கூடாது என்று 2006-ல் எத்தியோப்பிய அரசு டெஃப் தானிய ஏற்றுமதிக்கே தடை போட்டது. நெதர்லாந்து நிறுவனம் ஒன்று டெஃப் மாவைப் பக்குவப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்ததும் நடந்தது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் புளிக்கவைத்துச் சுட்ட மாவுக்கு யாரோ உரிமை கொண்டாடுவது அநியாயம். அந்தக் காப்புரிமை செல்லாது என்று ஹேக் நகர நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது.

டெஃப் கிடைக்காவிட்டால் சோளம். இது ஒப்பேற்றும் வழியல்ல. எத்தியோப்பியாவிலேயே டெஃப் விளையாத இடங்களில் சோள மாவில் இன்ஜெரா சுடுகிறார்கள். சோளத்தின் தாயகமும் அந்தப் பக்கம்தான்; கிழக்குச் சூடானில் பயிராகிப் பிறகு இந்தியாவுக்கு வந்த தானியம் அது. மூன்று பங்கு சோள மாவுக்கு ஒரு பங்கு கோதுமை மாவு, ஒரு கரண்டி புளித்த தோசை மாவு. தளரக் கரைத்து இரண்டு நாள் மூடி வையுங்கள். மேலே தெளிந்து நிற்கும் நீரைக் கொட்டிவிட்டு, ஒரு கரண்டி மாவை மட்டும் எடுத்து, இரண்டு கரண்டி தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்துத் திரும்பக் கலக்குங்கள். மாவுக்குப் பிடிமானத்தையும் மென்மையையும் கொடுப்பது இந்தக் கஞ்சி. சில மணி நேரத்தில் மறுபடி நுரைத்து வரும்.

சுடுவது ஆப்பம்போலத்தான்: எண்ணெய் இல்லை, திருப்பிப் போடுவதில்லை. சூடான கல்லில் வெளியிலிருந்து உள்நோக்கிச் சுற்றி ஊற்றி, மேற்பரப்பு முழுக்கத் துளைகள் விழுந்ததும் மூடுங்கள். அந்தத் துளைகள்தான் குழம்பைப் பிடித்துவைக்கும்.

ஒரே இன்ஜெராவை விரித்து, நடுவில் டோரோ வாட், பக்கத்தில் காரத்தைத் தணிக்க உதிரியான புதுப் பாலாடைக்கட்டி வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் வலக்கையால் பிய்த்துச் சாப்பிடுவார்கள். பக்கத்தில் இருப்பவர் வாயில் ஒரு கவளத்தை ஊட்டுவது குர்ஷா. அன்பின், மரியாதையின் அடையாளம். ஆனால் எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒருவர் அறுத்த இறைச்சியை மற்றவர் உண்பதில்லை. இரு சமயத்தாரும் கூடும் கல்யாண வீட்டில் இறைச்சி தனித்தனியாகச் சமைக்கப்படும். தயக்கமில்லாமல் ஒரே தட்டில் கை வைக்க உதவுவது நோன்பு நாள் சமையல்தான்.

அந்தச் சமையலில் முதன்மையானது ஷிரோ, கடலைமாவுக் குழம்பு. அதை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோரோ வாட் செய்து பாருங்கள். குக்கரை எடுக்காதீர்கள். வெங்காயத்துக்கு முழுதாக ஒரு மணி நேரம் கொடுங்கள்.