"இருந்தது போதும்" என்று நோயாளி சொல்லும்போது

கேகாலைத் தோட்டங்களில் இறப்பர்ப் பால் வெட்டியும் இரத்தினபுரியில் தேயிலைக் கொழுந்து பறித்தும் உழைத்தவர்கள் தீராத நோயில் படுக்கும்போது, "இருந்தது போதும், பிள்ளைகளுக்குப் பாரமா இருக்கக்கூடாது" என்கிறார்கள். லயத்துக் காம்பராவில் ஒருவர் முனகினால் வீடே விழித்திருக்கும். அந்தக் கூச்சமும் இந்தச் சொல்லில் இருக்கிறது. அவர் சாவைக் கேட்கிறாரா, வலி நீங்குவதைக் கேட்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இலங்கையில் ஒருவர் கெஞ்சிக் கேட்டாலும் அவர் உயிரை முடிப்பது குற்றம். தற்கொலைக்கு உடந்தையாவதும் குற்றம். முயன்று பிழைத்தவரைத் தண்டிக்கும் சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டுவிட்டதால், பொலிசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. தெளிந்த நினைவோடு இருப்பவர் "மூச்சுக் கருவி வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப்போங்க" என்பது வேறு விஷயம். நோய் தன் போக்கில் போகட்டும் என்கிறார். அதற்கு இணங்கும் மகன் மீது பழி இல்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 2011இல் அருணா ஷான்பாக் வழக்கிலும், மீண்டும் 2018இலும், பயனற்ற சிகிச்சையை நிறுத்த வழிமுறை வகுத்தது. மருந்து செலுத்தி உயிரை முடிக்க அங்கும் அனுமதி இல்லை.

விரக்தியில் எடுக்கும் முடிவை "அவர் விருப்பம்" என்று விட்டுவிடலாமா? 1995இல் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின் அந்த வீதம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. வறுமையும் கடனும் ஒழிந்துவிடவில்லை. கொடிய நஞ்சு கைக்கெட்டாததால் விரக்தியின் பொல்லாத நேரத்தைத் தாண்டியவர்கள் பிழைத்தார்கள்.

வலிக்கு மருந்து கொடுக்காமல் ஒருவரின் சாவு விருப்பத்தை அவரது சுதந்திரமான முடிவு என்று ஏற்க என்னால் முடியாது. கடும் புற்றுநோய் வலிக்கு மோர்பின் உண்டு. வைத்தியர் சொன்ன அளவில், நேரம் தவறாமல் கொடுத்தால் "பழகிவிடும்" என்று அஞ்ச வேண்டியதில்லை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். தோட்டத்து டிஸ்பென்சரி மாத்திரைக்கு அடங்காத வலி என்றால் இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளுக்குப் போக வேண்டும். வைத்தியர் சிங்களத்தில் கேட்க, நோயாளி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுவது பெரிய இடர். சிங்களம் தெரிந்த பேத்தி கூடப் போய், இரவில் எத்தனை தடவை வலியில் எழுகிறார் என்பதைச் சொல்லட்டும்.

வீட்டில் "அப்படிப் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். "எது தாத்தா ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். மனச்சோர்வென்றால் அதற்கும் சிகிச்சை உண்டு. சாகும் எண்ணம் யாரையாவது விடாமல் பிடித்திருந்தால் தனியே விடாமல், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.