எத்தனை அடி நிக்குது?

பெருங்களத்தூரில் நின்று பஸ் ஏறாத தென்மாவட்டக்காரர் சென்னையில் குறைவு. கோயம்பேட்டிலிருந்து கிளம்பிய வண்டிகள் கடைசியாக ஆள் ஏற்றிக்கொண்ட இடம் இதுதான். பொங்கலுக்கு முந்தின ராத்திரிகளில் ஜி.எஸ்.டி. சாலையோரம் மூட்டையும் குழந்தையுமாக ஜனம் விடிய விடிய நின்றது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு அந்தக் கூட்டம் தெற்கே நகர்ந்துவிட்டது. பிழைக்க வந்து இங்கேயே மனை வாங்கி வீடு கட்டிய கம்பம், சின்னமனூர், உத்தமபாளையத்துக்காரர்கள் மட்டும் நகரவில்லை. அவர்கள் வீட்டு வண்டியை அடையாளம் காண்பது சுலபம். பின்கண்ணாடியில் மீசை வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் இருப்பார். கர்னல் ஜான் பென்னிகுயிக், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய எஞ்சினியர்.

முன்பெல்லாம் இந்த ஸ்டிக்கர் கிடையாது. அவர் வீட்டுக்குள் இருந்தார். கம்பம் பள்ளத்தாக்கில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவர் படம் மாட்டியிருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயரையும், உடன் வேலை பார்த்த லோகனை நினைத்து லோகன்துரை என்ற பெயரையும் வைத்தார்கள். அதை வெளியூர்க்காரர்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை வெள்ளைக்காரனுடையது அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பி மலையைப் பார்க்கச் சொன்னார். பணம் இல்லாமல் அது நின்றது. கம்பெனி ஆட்சியில் 1808-ல் பார்த்த கால்டுவெல் என்ற அதிகாரி நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் செத்த பிறகுதான் கோப்பு அசைந்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம்: 999 வருடக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். மறுவருஷம் வேலை ஆரம்பம். 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல்பொடியும் சேர்த்த காரையில் எழுந்த அணை. அங்கிருந்து மலையைக் குடைந்த ஒரு மைல் நீளச் சுரங்கம் வழியே தண்ணீர் கிழக்கே இறங்கி, கடைசியில் வைகையில் சேருகிறது.

ஊரில் சொல்லும் கதை இதைவிடச் சுருக்கமானது. வெள்ளம் வந்து கட்டியதை அடித்துப்போனது. சர்க்கார் பணம் தர மறுத்தது. பென்னிகுயிக் துரை இங்கிலாந்தில் இருந்த சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார். வெள்ளம் அடித்துப்போனது உண்மை. நகை விற்றதற்கு ஆவணம் இல்லை. செலவு சென்னை ராஜதானியின் கஜானாவிலிருந்து போனது. ஆனாலும் இந்தக் கதையைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. பஞ்சத்தில் சாகவிட்ட அதே ஆட்சிதான் அணையையும் கட்டியது, அதற்குத் தீர்வையும் வசூலித்தது. அந்த ஆட்சிக்கு எப்படி நன்றி சொல்வது? சர்க்காரை ஒரு பக்கமும் துரையை மறுபக்கமும் நிறுத்திவிட்டால் தயக்கமில்லாமல் கும்பிடலாம். அந்தப் பிரிவினையைத்தான் கதை செய்து கொடுக்கிறது. மலேரியாவிலும் காலராவிலும் அந்தக் காட்டிலேயே செத்துப் புதைந்த நூற்றுக்கணக்கான கூலிகளுக்கு மட்டும் கதையில் இடமில்லாமல் போயிற்று. முத்திருளப்ப பிள்ளைக்கும் ஸ்டிக்கர் இல்லை.

பென்னிகுயிக் வீதிக்கு வந்தது எப்போது? 1979-ல் குஜராத்தில் மோர்பி அணை உடைந்தது. அதே வருஷம், இந்த அணையும் உடையுமோ என்று கேரளத்தில் பயம் கிளம்ப, முல்லைப் பெரியாற்றில் 152 அடி வரை தேக்கிய தண்ணீரை 136 அடியோடு நிறுத்தினார்கள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்துக் கடைமடைகள் காய்ந்தன. அந்தச் சண்டை முற்றி, 2011 டிசம்பரில் கம்பம் பள்ளத்தாக்கே திரண்டு கேரள எல்லையான குமுளி நோக்கி நடந்தது. அந்த வாரங்களில் எங்கள் பக்கத்து டீக்கடைச் சேட்டனும் அவரிடம் தினம் கடன் வைத்துக் குடிக்கும் கூடலூர்க்காரரும் அணையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள். அதன் பிறகுதான் எல்லாம் வேகமாக நடந்தது. 2013-ல் லோயர் கேம்பில் மணிமண்டபம், தேனி பஸ் நிலையத்துக்கு பென்னிகுயிக் பெயர், ஜனவரி 15 பிறந்தநாள் அரசு விழா, 2022-ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் தமிழக அரசு வைத்த சிலை. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. அணை அடிவாரத்து வண்டிப்பெரியாறுக்காரருக்கோ இதே அணை ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற ஒன்று. 999 வருஷம் என்ற எண் அவர் நெஞ்சில் வேறு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

எல்லா அணைக்கும் இந்த யோகம் இல்லை. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த மேட்டூரின் நீர்த்தேக்கத்துக்கு கவர்னர் ஸ்டான்லியின் பெயர். எந்தத் தஞ்சாவூர் விவசாயியும் ஸ்டான்லி படத்தை மாட்டவில்லை, ஜூன் 12-ல் “மேட்டூர் திறந்தாச்சா?” என்பதோடு சரி. சென்னைக்காரனுக்கு ஸ்டான்லி என்றால் ஆஸ்பத்திரி, அதுவும் அதே கவர்னர் பெயர்தான். மேட்டூரில் நினைவு வேறு வழியில் வரும். தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டும். மூழ்கிப்போன ஊர்களின் பேரன் பேத்திகள் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.

பெருங்களத்தூரில் பிறந்த கம்பத்துப் பிள்ளைகளுக்கு நகைக் கதை வாட்ஸ்அப்பில் வருகிறது, பொங்கல் வாழ்த்தோடு சேர்த்து. ஊரில் இருக்கும் தாத்தாக்களோடு போனில் பேசினால் துரையின் பேச்சே எழுவதில்லை. மே மாதம் பிறந்துவிட்டால் “டேம்ல எத்தனை அடி நிக்குது?” என்ற ஒரே விசாரணைதான். ஜூன் 1-ல் தண்ணீர் திறந்தால் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் முதல்போகம் நடவு. திறப்பு தள்ளிப்போனால் நாற்றங்காலும் தள்ளிப்போகும், ஊரிலிருந்து மூட்டை அரிசி வருவதும் தள்ளிப்போகும்.