உங்களுக்குத் தெரியுமா? மூன்று மொழிக்கு ஒரே விசை

கொஸ்லந்த அடங்கும் ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவு சிங்களம், தமிழ் இரண்டும் நிர்வாக மொழியான பிரிவு. ஆகவே இங்கே டைப் அடித்துக் கொடுக்கும் கடையில் ஒரு விண்ணப்பம் சிங்களத்தில் வரும், அடுத்தது தமிழில், அதற்கடுத்தது ஆங்கிலத்தில். ஒவ்வொரு தடவையும் மவுஸால் மொழி மாற்றுவது வீண் சிரமம்.

விண்டோஸ் 8 முதல் இதற்கு எளிய வழி இருக்கிறது. விண்டோஸ் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸைத் தட்டுங்கள். சேர்த்து வைத்த விசைப்பலகைகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்று மாறும். ஒன்றைக் கவனியுங்கள்: இலங்கையின் எஸ்.எல்.எஸ். 1326 தரத்திலுள்ள தமிழ் விசைப்பலகை ரெங்கநாதன் முறை. தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ் 99 வேறு. எதில் பழகினீர்களோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டால் விரல் தடுமாறாது.

அடிக்கடி திறக்கும் படிவத்துக்கு டெஸ்க்டொப்பில் ஒரு ஷார்ட்கட் போடுங்கள். அதன் மீது எஃப்2 அழுத்தி, "பிறப்புச் சான்றிதழ்" என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம். வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸில் கன்ட்ரோல், ஆல்ட்டுடன் ஓர் எழுத்தையும் கொடுத்தால், அந்த மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் படிவம் திறக்கும். ஷார்ட்கட்டை அழித்தாலும் மூலக் கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

டாஸ்க்பாரில் பின் செய்த முதல் செயலியை, விண்டோஸ் விசையோடு 1ஐ அழுத்தித் திறக்கலாம், இரண்டாவதற்கு 2.