எண்ணலும் அளத்தலும்

பொருளின் மிகுதியையோ குறைவையோ உணர்த்தும் சொல்லை அளவுச்சொல் என்போம். அது அடையாய் நின்று தழுவும் பெயர் இருவகைப்படும். ஒன்று, இரண்டு எனப் பிரித்து எண்ணத் தகுவது எண்ணுறுபெயர்; அவ்வாறு பிரியாமல் முகந்தும் நிறுத்தும் நீட்டியும் அறியப்படுவது அளவுறுபெயர். ஆங்கிலத்தில் மிகுதியைச் சுட்ட முன்னதற்கு 'மெனி'யும் பின்னதற்கு 'மச்'சும் உரியன; குறைவைச் சுட்ட முன்னதற்குப் 'பியூ'வும் பின்னதற்கு 'லிட்டில்' என்பதும் உரியன.

இப்பாகுபாடு பொருளின் இயல்பால் மட்டும் அமைவதன்று. அப்பொருளை மாந்தர் கையாளும் முறையாலும் அமைவது. மலேசியாவில், பிரிக்பீல்ட்சின் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் உள்ள பூக்கடைகளில் உதிரியாய்க் கிடக்கையில் எண்ணத்தக்க மல்லிகை, நாரில் தொடுக்கப்பட்டவுடன் முழத்தால் அளக்கப்படுகிறது. அரிசியையும் மணிமணியாய் எண்ண இயலும், எண்ணுவார் இலர். எனவே அது தமிழிலும் ஆங்கிலத்திலும் அளவுறுபெயராயிற்று. ஆயினும் மொழிகள் யாண்டும் ஒத்துச் செல்வதில்லை. நாம் நான்கு அறிவுரைகள் என எண்ணுகிறோம். ஆங்கிலமோ 'அட்வைஸ்' என்பதை அளவுறுபெயராகக் கொண்டு, எண்ண வேண்டுமிடத்துப் 'பீஸ்' என்னும் துணைச்சொல்லை நாடுகிறது.

மும்மொழி பயிலும் மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் இவ்விடத்தில் இடறுவதற்குத் தக்க காரணம் உண்டு. மலாய்மொழி, மாந்தரை எண்ண 'ஓராங்', விலங்கை எண்ண 'ஏக்கோர்', தாளை எண்ண 'ஹெலாய்' என இனத்திற்கேற்ற இணைச்சொற்களைத் தருகிறது. ஆனால் மிகுதியைச் சுட்டும் 'பாஞாக்' என்பதை இருவகைப் பெயர்க்கும் பொதுவாக வைக்கிறது. பேச்சுத்தமிழின் 'நிறைய' என்பதும் அத்தகையதே. இவ்விரு பொதுச்சொற்களின் வழியே ஆங்கிலத்தை அணுகுவோர்க்கு 'மெனி'யும் 'மச்'சும் ஒன்றாகவே தோன்றும்.

இவ்விடறலுக்கு மருந்தும் தமிழிலேயே உள்ளது. பல, சில என்பன எண்ணுறுபெயர்க்கு உரியன. மிகுதி, சிறிது என்பன அளவுறுபெயரோடும் இயைவன. 'பல நீர் குடித்தேன்' என்று தமிழ்க்குழந்தை எதுவும் சொல்வதில்லை. 'பல' பொருந்துமிடத்து 'மெனி'யும், 'சில' பொருந்துமிடத்துப் 'பியூ'வும், 'சிறிது' பொருந்துமிடத்து 'லிட்டில்' என்பதும் பெரும்பாலும் பொருந்தக் காணலாம்.

இதனினும் நுண்ணியது ஒன்றுண்டு. 'பியூ' தனித்து நின்றால் போதாமையை உணர்த்தும். 'எ' முன்வரின் சிறிதேனும் உண்டென்பதை உணர்த்தும். தமிழில் 'சிலர் வந்தனர்' என்பது உண்டென்பதையும், 'சிலரே வந்தனர்' என்பது போதாமையையும் காட்டும். அங்கே ஓரெழுத்து முன்சேர்ந்து குறையை நீக்குகிறது; இங்கே ஏகாரம் பின்சேர்ந்து குறையைத் தருகிறது. நெறி ஒன்று, திசை வேறு.

இவ்வாய்வு தமிழுக்குப் புதிதன்று: அளவைக் குறிக்கும் அளவுப்பெயரும் எடையைக் குறிக்கும் நிறைப்பெயரும் ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் எனத் தொல்காப்பியம் வரையறுத்துள்ளது. எண்ணையும் அளவையும் இலக்கணத்துள் வைத்து ஆய்ந்த தமிழ்மொழி, பிறமொழி இலக்கணத்தையும் விளக்க வல்லது. ஆங்கில அளவுச்சொல்லைத் தேரும்முன் ஆசிரியர் மாணவரிடம் தமிழில் கேட்க வேண்டிய வினா ஒன்றே: இதனை எண்ணுகிறாயா, அளக்கிறாயா?