சோயூகி – ஓர் அரசவை அதிகாரியின் நாட்குறிப்பு

சோயூகி என்பது ஜப்பானின் ஹெய்யான் கால அரசவையில் உயர்பதவி வகித்த புஜிவாரா நோ சனெசுகே (957–1046) செவ்வியல் சீன நடையில் எழுதிய நாட்குறிப்பு. இன்று கிடைக்கும் பகுதிகளில் பெரும்பாலானவை 982 முதல் 1032 வரையிலானவை. அக்காலப் பிரபுக்கள் நாட்குறிப்பு எழுதியது மனப்பாரம் இறக்குவதற்காக அல்ல. எந்தச் சடங்கில் யார் எங்கே நின்றார், என்ன உடுத்தினார், எந்த வாயில் வழியே வந்தார் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னுதாரணமாக விட்டுச்செல்வதே நோக்கம். ஆகவே இதில் பல பக்கங்கள் வறண்டவை. அந்த வறட்சிக்கு நடுவே திடீரென வெளிப்படும் கோபம்தான் இந்நூலைப் படிக்கத் தூண்டுகிறது.

அக்கோபத்தின் இலக்கு பெரும்பாலும் ஒருவரே: சனெசுகேயின் உறவினரும் அரசவையின் உண்மையான அதிகாரியுமான புஜிவாரா நோ மிச்சினாகா. மகள்களைப் பேரரசர்களுக்கு மணமுடித்து, பிறக்கும் பேரன் அரியணை ஏறும்போது தாய்வழிப் பாட்டனாக ஆட்சியைக் கையில் வைத்திருப்பது புஜிவாரா குலத்தின் வழக்கம். அதில் மிச்சினாகாவை மிஞ்சியவர் இல்லை. 999இல் மூத்த மகள் ஷோஷி அரண்மனை புகுந்தபோது, சீதனத் திரைச்சீலைக்குக் கவிதை எழுதித் தரும்படி பிரபுக்களை அவர் கேட்டார். துறவு பூண்ட முன்னாள் பேரரசர் கசானே எழுதிக் கொடுத்தார். சனெசுகே மறுத்துவிட்டார். பிரபுக்கள் ஓர் அமைச்சரின் ஏவலுக்குக் கவிபாடுவதா என்ற மனக்கசப்பு குறிப்பில் தெரிகிறது.

1012ஆம் ஆண்டு நிகழ்வு இன்னும் கடுமையானது. பேரரசர் சன்ஜோ தம் மனைவி செய்ஷியைப் பேரரசியாக்க நாள் குறித்தார். செய்ஷி மிச்சினாகாவின் மகள் அல்லள். அதே நாளில் மிச்சினாகா தம் இரண்டாம் மகள் கென்ஷியின் அரண்மனைப் பிரவேசத்தை வைத்துக்கொண்டார். பிரபுக்கள் அங்கே கூடினர். அழைக்கச் சென்ற அரச தூதரை ஏளனமும் செய்தனர். மூத்த அமைச்சர்கள் சாக்குச் சொல்லி ஒதுங்க, உடல்நலமின்றி இருந்த சனெசுகே வந்து சடங்கை நடத்திவைத்தார். நாட்டுக்கு இரண்டு அரசர் இல்லை, அதனால் தமக்கு அச்சமில்லை என்ற பொருளில் அன்று எழுதிக்கொண்டார். அவையில் உரக்கச் சொல்லக்கூடிய வார்த்தையல்ல அது!

1018இல் மூன்றாம் மகள் இஷியும் பேரரசியானார். விருந்தில் மிச்சினாகா, இவ்வுலகைத் தமதாகவும் தம்மைக் குறையற்ற முழுநிலவாகவும் பாவித்து ஒரு கவிதை பாடி, பதில் கவிதை தருமாறு சனெசுகேயைக் கேட்டார். அவரோ, கவிதை மிக நேர்த்தியாக இருப்பதால் பதில் தேவையில்லை என்று சொல்லி, சீனக் கவிஞர் யுவான் ஜனுக்குப் பாய் ஜூயி பதில் பாடாத முன்னுதாரணத்தைக் காட்டி, எல்லோரும் சேர்ந்து அதையே ஓதலாம் என்றார். இது பணிவா, நாசூக்கான தட்டிக்கழிப்பா என்ற விவாதம் இன்றும் உண்டு. இரண்டும்தான் என்பது என் எண்ணம். மிச்சினாகாவின் சொந்த நாட்குறிப்பில் அன்று கவிதை பாடிய செய்தி உண்டு, கவிதை இல்லை. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் இன்று அதைப் படிப்பது சனெசுகே எழுதி வைத்ததால்தான்.

அரசியல் மட்டுமே இதில் இல்லை. ஒரு மகளைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தவர் அவர். முதுமையில் பிறந்த சிஃபுரு என்ற மகள்மீது உயிரையே வைத்திருந்தார். 1019இல் தம் மாளிகையையும் சொத்தின் பெரும்பகுதியையும் அவளுக்கே எழுதி வைத்தார். 1021இல் வலது அமைச்சரானார். நாட்குறிப்பின் பெயரும் அந்தப் பதவியையும் அவருடைய ஓனோ-நோ-மியா மாளிகையையும் சேர்த்துச் சுருக்கியதே.