தட்டினால் ‘ஷாக்’ அடிக்கும் கட்டி: வெறும் கொழுப்புக் கட்டிதானா?

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை பக்கம் பூண்டு மூட்டை தூக்கும் ஒருவருக்கு முன்கையில் நெல்லிக்காய் அளவு கட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சும்மா இருக்கும்போது வலி இல்லை. மூட்டை இடித்தால் மட்டும் “சுண்டுவிரல் வரைக்கும் கரன்ட் பாயுற மாதிரி இருக்கு” என்கிறார். ஊரில் கேட்டால், “கொழுப்புக் கட்டிதாம்ப்பா, விடு” என்பார்கள். கையில் வரும் கட்டிகளில் பல அப்படித்தான். ஆனால், அந்தக் ‘கரன்ட்’ கொழுப்புக் கட்டியில் வழக்கமாக வராது.

நரம்பு என்பது வயர் மாதிரி. உள்ளே இழைகள், மேலே உறை. உறையை உருவாக்கும் ஷ்வான் செல்களில் தொடங்கும் கட்டிகளே நரம்பு உறைக் கட்டிகள். பெரும்பாலும் புற்றுநோய் அல்ல.

இதில் இரண்டு வகை முக்கியம். ஷ்வானோமா நரம்பை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தனி உறைக்குள் வளரும். பலாச்சுளையை எடுப்பது போல, நரம்பை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம். நியூரோஃபைப்ரோமா அப்படியல்ல, நரம்பிழைகள் அதற்குள்ளேயே ஓடும். ‘சின்னக் கட்டிதானே’ என்று கீறினால், விரலை அசைக்கும் நரம்பும் சேர்ந்து போகலாம். அதனால், கத்திக்கு முன் ஸ்கேன் வேண்டும்.

கைவைத்துப் பார்த்தே மருத்துவர் ஓரளவு ஊகித்துவிடுவார். இந்தக் கட்டி பக்கவாட்டில் அசையும், நரம்பு ஓடும் திசையில் அசையாது. நம்மூரில் இன்னொரு சந்தேகமும் உண்டு: தொழுநோய். அதுவும் முழங்கை நரம்பைத் தடிக்க வைக்கும். உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று தேடுவது அதற்காகத்தான். உடம்பில் காபி நிறத்தில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட திட்டுகள் இருந்தால், சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு வரும் என்எஃப்1 என்ற மரபணுக் கோளாறா என்று பார்ப்பார்கள். இவர்களுக்குப் புற்றுநோய் வகை வரும் வாய்ப்பு கூடுதல். கட்டி திடீரென வளர்ந்தாலோ, ராத்திரி தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தாலோ தள்ளிப்போடக் கூடாது.

முடிவைச் சொல்வது மைக்ராஸ்கோப். ஷ்வானோமாவில் செல்களின் உட்கருக்கள் அணிவகுத்து நிற்கும். 1910-ல் இதை விவரித்த வெரோகே பெயரிலேயே அந்த அமைப்பு அழைக்கப்படுகிறது. எஸ்100 என்ற சாயப் பரிசோதனையில் ஷ்வானோமா கிட்டத்தட்ட முழுவதும் நிறமேறும், நியூரோஃபைப்ரோமா பாதி பாதியாக.

கோபம் வருவது ஒரு விஷயத்துக்குத்தான்: எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போடுவது. மலையில் லேப் இல்லை என்பது காரணமாகாது. கட்டியைப் போல் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டால், மலைப்பாதையில் இறங்க ஒரு நாள் கூடுதலானாலும் கெடாது. வெறும் தண்ணீரோ சலைனோ உதவாது. திண்டுக்கல், தேனி, மதுரை மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

ரிப்போர்ட்டை வாங்கி வைப்பதோடு, ‘பிளாக்’ எனப்படும் மெழுகுக் கட்டை எந்த லேபில் இருக்கிறது, என்ன நம்பர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்து அதே இடத்தில் கட்டி வந்தால், பழையதை மறுபடி சீவிப் பார்க்கலாம்.